இரண்டு மழைக்கும் நடுவே வாழ்த்து அட்டை: அச்சும் டிசைன் தாளும் கொண்டு செய்யும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கையால் வாழ்த்து அட்டை செய்து அனுப்புகிறவர்களுக்கு ஆண்டில் மூன்று வேளைகள் உண்டு: ஆவணியில் ஓணம், மார்கழியில் கிறிஸ்துமஸ், தையில் பொங்கல். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உறவுகள் உள்ள குடும்பங்களிலிருந்து மூன்றுக்குமே அட்டை போகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது என்பதால், ஓணத்துக்கான வேலை ஒரு மழையின் கடைசிப் பகுதியிலும், கிறிஸ்துமஸுக்கான வேலை அடுத்த மழையின் நடுவிலும் வந்து விழுகிறது. பொதுவான செய்முறைகள் "மை காய்ந்ததும்" என்று இரண்டு சொற்களில் கடந்துவிடும் இடத்தில்தான் இங்கே அட்டை கெடுகிறது: தாள் சுருளும், மை இழுபடும், பசை ஒட்டிய மறுநாள் அட்டை வில்லாக வளையும். ஆகவே இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். செதுக்கிய அச்சால் வெற்றுத் தாளில் அச்சிடுவது முதலில், அதையும் பூவோ கோடோ போட்ட டிசைன் தாளையும் வெட்டுவது அடுத்து, இரண்டையும் அட்டையில் ஒட்டுவது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இரவு. ஒரே மாலையில் பத்து அட்டை முடித்துவிடலாம் என்ற ஆசையைப் பொங்கலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அட்டையும் அளவும்

அடிப்படை அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள, பளபளப்பில்லாத வெள்ளை அல்லது இளமஞ்சள் அட்டை வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் தாள் இதற்கு மெலிவு. நிற்க வைத்தால் சாயும். அச்சகங்களில் திருமண அழைப்பிதழுக்கு வெட்டியதுபோக மீந்த ஐவரி அட்டைத் துண்டுகள் கிடைக்குமானால் அவை மிக நல்லவை, கேட்டால் பெரும்பாலும் எடைக்கே கொடுப்பார்கள். பளபளக்கும் ஆர்ட் அட்டையைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதன் மேற்பூச்சு மையை உள்ளே விடாது, ஈரக்காற்றில் மேலே நின்ற மை மறுநாளும் விரலில் ஒட்டும்.

ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். நீளத்தைப் பாதியாக்கி வெட்டினால் 210க்கு 148 அளவில் இரண்டு துண்டுகள் வரும்; ஒவ்வொன்றையும் 105 மில்லிமீட்டரில் மடித்தால் 105க்கு 148 அளவுள்ள அட்டை. இது 114க்கு 162 மில்லிமீட்டர் கொண்ட சி6 உறைக்குள் இறுகாமல் போய்வரும். முதல் அட்டையையே சதுரமாகவோ பெரிதாகவோ செய்துவிட்டுப் பிறகு உறை தேடி அலைகிறவர்கள் அதிகம். கையில் உள்ள உறையை அளந்துவிட்டு அட்டையைத் தீர்மானிப்பதே முறை.

தாளுக்கு ஓர் ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும், எதிர்த்து மடித்தால் விளிம்பு வெடித்து நார் தெரியும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, அகலத்தில்தான் பருக்கிறது. மழைக்காலத்தில் தாள் சுருள்வதற்குக் காரணமும் அதுவே. ஒரு சிறிய துண்டை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள்: சுருளும் குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுவே ஓட்டத்தின் திசை. அடிப்படை அட்டையின் ஓட்டம் மடிப்புக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், அதன்மேல் ஒட்டும் டிசைன் தாளின் ஓட்டமும் அதே திசையில் போக வேண்டும். இரண்டும் குறுக்குமறுக்காக ஒட்டப்பட்ட அட்டையை எத்தனை கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தாலும் அது வளைந்தே தீரும்.

மடிப்பதற்கு முன் கோடு கிழிக்க வேண்டும். மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும், அதற்கென்று விற்கும் எலும்புக் கருவி தேவையில்லை. ஒரே அழுத்தலில் ஆழமாகக் கிழிக்காமல், இலேசாக இரண்டு மூன்று முறை ஓட்டினால் தாள் அறுபடாது. கிழித்த பள்ளம் வெளிப்பக்கமும், பின்னால் எழும் மேடு உட்பக்கமும் வருமாறு மடிக்க வேண்டும்.

அச்சு செதுக்குதல்

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் காயப்போட்டிருக்கும் ரப்பர் ஷீட்டிலேயே அச்சு வெட்டக்கூடாதா என்பதுதான். கூடாது. பாலை உறைய வைத்துப் பிழிந்து புகையில் காட்டிய ஷீட் இன்னும் பக்குவப்படாத ரப்பர். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், கத்திக்கு இழுபடுமே தவிர அறுபடாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் மாறும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகே ரப்பர் ஸ்டாம்ப் என்ற ஒன்று பிறக்க முடிந்தது. நமக்கு வேண்டியது எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளை அழிப்பான். அவற்றில் பெரும்பாலானவை ரப்பரே அல்ல, மென்மையாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக்; வெண்ணெய்ப் பதத்தில் வெட்டுப்படுவதால் கைப்பழக்கமில்லாதவர்களுக்கும் ஏற்றது. கிள்ளிப் பார்த்தால் பொடிப்பொடியாக உதிரும் அழிப்பான் ஆகாது.

படத்தை நேராக அழிப்பான்மேல் வரையாமல், டிரேசிங் தாளில் 2பி அல்லது 4பி பென்சிலால் வரைந்து, தாளைக் கவிழ்த்து அழிப்பான்மேல் வைத்து, பின்புறத்தை நகத்தால் தேய்க்க வேண்டும். பென்சில் கரி இறங்கிப் படம் இடவலம் மாறிப் பதியும், அச்சிடும்போது மீண்டும் மாறி நேராகும். பூவுக்கும் நட்சத்திரத்துக்கும் இது பெரிய விஷயமல்ல. எழுத்து என்று வந்துவிட்டால் இந்தக் கவிழ்ப்பை விட்டால் வேறு வழியில்லை.

வெட்டுவதற்குக் கூரிய கட்டர் கத்தியும், லினோலியத் தகட்டில் அச்சு செதுக்கப் பயன்படும் 'வி' வடிவ உளி ஒன்றும் போதும். நிற்க வேண்டிய கோட்டை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும் இறக்க வேண்டும். அப்போது கத்தியை நேர்குத்தாகப் பிடிக்காமல் கோட்டுக்கு வெளியே சாய்த்துப் பிடித்தால் கோட்டின் அடி அகலமாகவும் தலை மெல்லிதாகவும் நிற்கும். அடியைக் குடைந்துவிட்ட கோடு நாலாவது அழுத்தலில் மடங்கிவிடும். வளைவுகளில் கத்தியைத் திருப்பக் கூடாது, கத்தி நின்ற இடத்தில் நிற்க அழிப்பானைத்தான் திருப்ப வேண்டும். இது ஒன்று கைவந்தால் பாதி வேலை கைவந்தது. வெட்டி முடித்த முகத்தை மிக நைசான உப்புத்தாளில் ஒருமுறை இலேசாகத் தேய்த்துவிட்டால் மேலுள்ள வழவழப்புப் போய் மை சீராகப் பிடிக்கும்.

தமிழ் எழுத்தை அச்சாக்குவதில் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, புள்ளி. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி தனித்து நிற்பதால் சிறிதாக வெட்டினால் உடைந்து போகும், உடையாவிட்டாலும் அச்சில் தெரியாது. அதை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல், கண்ணுக்குச் சற்று மிகையாகத் தோன்றும் அளவிலேயே வைக்க வேண்டும். மற்றொன்று, ண, ழ, ள ஆகியவற்றின் சுழிகள். உள்ளிடம் குறுகலாக இருந்தால் மை நிறைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். எழுத்தின் உயரம் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சுழியின் உள்வெளி கோட்டின் தடிமனைப்போல் இருமடங்காகவும் இருந்தால் பிழைக்கும். நீண்ட வாழ்த்து வாசகம் முழுவதையும் செதுக்க முயல்வதைவிட "பொங்கல்", "ஓணம்" என்று ஒரு சொல்லை மட்டும் அச்சாக்கி மிச்சத்தைக் கையால் எழுதுவதே அழகு. "கிறிஸ்துமஸ்" என்ற சொல்லைச் செதுக்க உட்காருகிறவருக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பொழுதில் நட்சத்திரம் ஒன்றை நன்றாகச் செதுக்கிவிடுங்கள். கார்த்திகை கழிந்ததும் நம் ஊர் வாசல்களில் தொங்கும் காகித நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு எழுத்து வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் மலையாள எழுத்தில் ஓணம் என்று செதுக்குவதும் உண்டு. அந்த எழுத்துகளின் வட்டங்களுக்கும் சுழி பற்றிச் சொன்னதே பொருந்தும்.

செதுக்கப் பொறுமையில்லாதவர்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அலுவலக முத்திரை செய்யும் கடைகளில் தம் கையெழுத்தையே அச்சாகச் செய்து வாங்கலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், கோடு அரை மில்லிமீட்டருக்கு மெலியாமல் எழுதிக் கொடுத்தால் போதும். இடவலம் மாற்றுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மையும் அழுத்தலும்

அலுவலக ஊதா ஸ்டாம்ப் பேடு இந்த வேலைக்கு ஆகாது. அந்த மை பேடில் காயாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது, உறிஞ்சும் தாளில் கசிந்து விளிம்பு மயிர்விட்டதாகத் தெரியும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் மைகளில் இரண்டு வகைகளை அறிந்துகொண்டால் போதும். சாய மை தாளுக்குள் இறங்கிக் கறை பிடிக்கும். விரைவில் காயும், நுண்ணிய கோடுகளுக்கு ஏற்றது, நாளடைவில் வெளிச்சத்தில் மங்கும். நிறமி மை தாளின்மேல் படலமாக நிற்கும். நிறம் அடர்த்தியாகவும் நிலைத்தும் இருக்கும், ஆனால் காய நெடுநேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறமி மையைக் கையாள்வது பொறுமையைச் சோதிக்கும். அந்த மாதங்களில் சாய மையே போதுமென்பது என் கருத்து.

பெரிய அச்சைப் பேடின்மேல் அழுத்துவதற்குப் பதிலாக, அச்சை மல்லாத்தி வைத்துப் பேடைக் கையிலெடுத்து அதன்மேல் தட்டித்தட்டி மை ஏற்ற வேண்டும். பள்ளங்களில் மை போகாது. தாளுக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள்களை மடித்து வைத்தால் அச்சின் முகம் முழுவதும் சமமாகப் படியும். நேராக இறக்கி, ஆட்டாமல் அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும். அச்சிடும்போதே கழிவுத் துண்டு ஒன்றிலும் ஓர் அச்சைப் போட்டுவைத்துக்கொண்டால், காய்ந்ததா என்று பார்க்க அதைத் தொடலாம். நல்ல அட்டையைத் தொட வேண்டியதில்லை.

ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ நிற்பதாகக் காட்ட விரும்பினால், முன்னால் நிற்கும் பூவை முதலில் அட்டையில் அச்சிட்டு, அதே அச்சை மெல்லிய தாளிலும் போட்டு ஓரத்தோடு வெட்டி எடுத்து, அதைக்கொண்டு முதல் பூவை மூடிவிட்டு அடுத்ததை அதன்மேல் பாதி படும்படி அச்சிட வேண்டும். மூடியை எடுத்தால் இரண்டாவது பூ முதலாவதற்குப் பின்னால் போயிருக்கும். பொங்கல் பானையும் பின்னால் கரும்பும், விளக்கும் பின்னால் வாழையும் இந்த முறையில் இரண்டே அச்சுகளில் நிறைந்த காட்சியாகிவிடும்.

பொன் எழுத்து வேண்டுகிறவர்கள் நிறமி மை ஈரமாக இருக்கும்போதே, சூட்டில் உருகி மேடிடும் எம்பாஸிங் பொடியைத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டுச் சூடு காட்ட வேண்டும். பொடியின் மணிகள் உருகி ஒன்றாகிப் பளபளக்கும் கணத்தில் சூட்டை விலக்க வேண்டும், அதற்குமேல் காட்டினால் உருகிய பொடி தாளுக்குள் இறங்கிவிடும். தலைமுடி உலர்த்தும் கருவி பொடியை ஊதிப் பறக்கவிடுமேயன்றி உருக்காது. இதற்கென உள்ள சூட்டுத் துப்பாக்கி இல்லாதவர்கள் மல்லாத்தி நிறுத்திய இஸ்திரிப் பெட்டிக்குச் சற்று மேலே அட்டையை இடுக்கியால் பிடித்து அடியிலிருந்து சூடேற்றலாம். பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது இது. ஈரம் ஏறிய தாளில் பொடி வேண்டாத இடமெல்லாம் ஒட்டும் என்பதால், அச்சிடுவதற்கு முன் தாளுக்கும் சிறிது சூடு காட்டி, முகப்பவுடரை மெல்லிதாகத் தடவித் துடைத்துவிடுவது நல்லது.

டிசைன் தாள்

கடைத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையல்ல, பூவின் அளவை. 105க்கு 148 அட்டையில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய பூ வந்தால் ஒன்றரைப் பூதான் தெரியும், அதுவும் வெட்டுப்பட்டு. இரண்டு மூன்று டிசைன்களைச் சேர்ப்பதானால் ஒன்று பூவாகவும் ஒன்று பொடிப்புள்ளியாகவும் ஒன்று கோடு அல்லது கட்டமாகவும் இருக்கட்டும். மூன்றிலும் பொதுவாக ஒரு நிறம் ஓட வேண்டும். டிசைன் தாளின்மேல் நேராக அச்சிடுவதை நான் ஒப்புவதில்லை. அச்சு எப்போதும் வெற்றுத் தாளில் விழ வேண்டும், டிசைன் தாள் அதைச் சுற்றிக் கரையாக நிற்க வேண்டும். முகப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குமேல் டிசைன் கண்ணில் படத் தேவையில்லை.

வாங்குவதைவிட இந்தத் தாளை வீட்டிலேயே செய்துகொள்வதில் சுவை அதிகம், இங்கே அதற்கு வழியும் அதிகம். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவமும் அதற்குள் வலைக் கண்களும் கிடைக்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, போஸ்டர் கலரைப் பஞ்சால் தடவி, பிறைகளை வட்டமாக அச்சிட்டால் ஓர் அத்தப்பூக்கோலத்தின் வளையம் உருவாகும். மூன்று நிறங்களில் மூன்று வளையங்கள் போட்டால் ஓணம் அட்டைக்கு வேறு படமே வேண்டாம். வெண்டைக்காய் வெட்டு சிறு பூவாகப் பதியும். காய்களுக்குச் சாய மை ஒத்துவராது, அவற்றின் சாறு மையைக் கரைத்துவிடும்.

தோவாளையில் கட்டும் மாணிக்கமாலையைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு டிசைன் கண்முன்னே இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமான அரளி, இடையே பச்சை நொச்சி இலை என்று பாய்போலத் தட்டையாகப் பின்னப்படும் அந்த மாலையின் அமைப்பை, ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை மூலைவிட்டத்தில் பாதியாக வெட்டிய முக்கோண அச்சு ஒன்றைக்கொண்டே எடுத்துவிடலாம். பென்சிலால் மெல்லிய கட்டங்கள் போட்டுக்கொண்டு, ஒரு வரிசை சிவப்பு, கவிழ்த்து ஒரு வரிசை பச்சை, இடையில் தாளின் வெள்ளையே வெள்ளைப் பூவாக நிற்கட்டும். முழுத் தாளும் அச்சிட ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து அட்டைக்கு அது வரும். கேரளப் புடவையின் பொன்கரையான கசவை நினைவூட்ட வேண்டுமானால் இளமஞ்சள் அட்டையும் ஐந்து மில்லிமீட்டர் பொன்தாள் கரையும் போதும், அதன்மேல் எதையும் ஏற்றக்கூடாது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

அச்சிட்ட தாள்கள் ஓர் இரவு காய்ந்த பிறகே கத்தி எடுக்க வேண்டும். காய்வதற்கு முன் தாள் நனைந்து விரிந்த அளவில் வெட்டிவிட்டால், காய்ந்தபின் ஓரம் குறுகி நிற்கும். வெயிலில் காயப்போட வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து சுருளும். மின்விசிறிக்குக் கீழே பரப்பினால் போதும். காய்ந்தவற்றை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் இட்டுத் தட்டையாக வைக்க வேண்டும்.

டிசைன் தாளை 99க்கு 142 மில்லிமீட்டரில் வெட்டினால் அட்டையைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் வெள்ளைக் கரை நிற்கும். அதன்மேல் வரும் அச்சுத் துண்டை 75க்கு 110 அளவில் வைக்கலாம். அந்தத் துண்டுக்கு அடியில் மறையப்போகும் டிசைன் தாள் வீண்தானே: நடுவில் 65க்கு 100 அளவை வெட்டி எடுத்துவிட்டால் சட்டம் மட்டும் மிஞ்சும், எடுத்த துண்டு இன்னொரு சிறிய அட்டைக்கு உதவும். எடையும் குறையும்.

மைதாப் பசையும் நீர்த்த ஃபெவிகாலும் தண்ணீரைத் தாளுக்குள் விடுகிறவை. மழைக்காலத்தில் அவற்றால் பரப்பு முழுவதும் பூசுவதை விட்டுவிட வேண்டும். இருபக்க ஒட்டுநாடாவை நாலு ஓரங்களிலும் ஒட்டி, மூலைகளில் மட்டும் ஃபெவிகாலை ஊசிமுனை அளவு வைப்பது நிலைத்து நிற்கும். அந்தத் துளிகள் நாடா பிடித்துக்கொள்ளும் முன் துண்டை ஒரு நொடி நகர்த்திச் சரிசெய்யவும் இடம் தரும். அச்சுத் துண்டைச் சற்று உயர்த்திக் காட்ட ஃபோம் டேப் நல்லது. ஓரடுக்குக்கு மேல் வைத்தால் உறை புடைக்கும். ஒட்டி முடித்த அட்டைகளை வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி மறுநாள்வரை விட வேண்டும்.

அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் எடையைக் கணக்கிடுவது நல்லது, ஏனெனில் 20 கிராமைத் தாண்டினால் அஞ்சல்தலைக் கட்டணம் அடுத்த படிக்குப் போகும். 300 ஜி.எஸ்.எம். அட்டையில் பாதி ஏ4 ஒன்பதரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மேலே ஒட்டிய தாள்கள் மூன்று கிராம். சி6 உறை ஏறத்தாழ நாலு. எல்லாம் சேர்ந்து 17 கிராமுக்குள் நிற்கும். மணி, சமிக்கி, ரிப்பன் என்று ஏற்றுகிறவர்கள் மிச்சமுள்ள மூன்று கிராமுக்குள் ஏற்ற வேண்டும், உறையின் வலது மேல் மூலையில் தபால் முத்திரையின் அடி விழும் என்பதால் அந்தப் பக்கம் எதுவும் புடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரியைத் தண்ணீரில் கரையாத மையால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா போதுமானது, ஜெல் பேனா நனைந்தால் கரைந்து ஓடக்கூடும்.

அச்சுகளை வேலை முடிந்த உடனே ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக்கூடாது. அழிப்பானில் செய்த அச்சுகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் நேரடியாகப் போட்டுவைத்தால், அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் கசிந்து டப்பாவை இளக்கி, ஆவணியில் எடுக்கும்போது இரண்டும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, முகம் மேலே பார்க்குமாறு, தகர டப்பாவில் அடுக்கி வைக்க வேண்டும்.